ஸ்தாபகர்

காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் இருக்கும் ஒரு வெள்ளி நாணயத்தைப் பற்றித்தான் இப்போது சொல்ல வந்தேன். கானா தேசம் 1958-ஆம் வருஷம் வெளியிட்ட பத்து ஷில்லிங் அது. கடையில் கொடுத்து உப்பும் புளியும் வாங்குவதற்காக அடித்த காசல்ல. ஞாபகார்த்தமாக, கண்ணாடி போலப் பளபளக்கும்படி லண்டனில் அச்சிட்டு, பெட்டியில் பத்திரப்படுத்தி வைப்பதற்கென்றே வெளியிட்டது. ஒரு பக்கம் ஐந்துமுனை நட்சத்திரம். மறுபக்கம் ஒரு மனிதரின் தலை. தலையைச் சுற்றிக் குவாமே நிக்ரூமா என்ற பெயரும், மூன்று லத்தீன் சொற்களும். 'கானா ராஜ்யத்தை ஸ்தாபித்தவர்' என்று அவற்றுக்கு அர்த்தம். அந்த வருஷம் வெளிவந்த சாமானியக் காசுகளிலும், அரைப் பென்னி உள்பட, இதே தலையும் இதே வாசகமும் உண்டு.

நண்பர் அதை வெள்ளியின் கனத்துக்காகவும் தேயாத விளிம்புக்காகவும் போற்றுகிறார். எனக்கோ அந்த லத்தீன் வாசகம் முள்ளாகத் தைத்துவிட்டது. 1958-ல் நிக்ரூமா உயிரோடிருக்கிறார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பிரதம மந்திரியாகப் பதவியில் இருக்கிறார். சட்டப்படி பார்த்தால் ராணி எலிசபெத்தான் இன்னும் தேசத்துக்குத் தலைவி. அப்படியிருக்க, ராணியின் தலையை எடுத்துவிட்டுத் தம் தலையை வைத்துக்கொண்டு, 'ஸ்தாபித்தவர்' என்று தாமே சுற்றி எழுதிக்கொள்ளலாமா? அற்பனுக்கு வாழ்வு வந்தால் என்று நம் ஊரில் ஒரு பழமொழி ஆரம்பிக்கும். அதைச் சொல்லிவிட்டு விஷயத்தை முடித்துவிடலாம். ஆனால் அது அத்தனை சுலபமில்லை.

ஏனென்றால், அவர் சொன்ன பதில் தள்ளிவிடக் கூடியதல்ல. 1957-லேயே லண்டன் பத்திரிகை ஒன்றில் அவர் விளக்கம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: என் ஜனங்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுதந்திரம் வந்துவிட்டது என்பதைச் சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி அவர்களுக்கு விளக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும்படியான அடையாளம் ஒன்று வேண்டும்.

இந்த வாதத்தின் பலம் தெரியவேண்டுமானால், அதற்கு முன் அங்கே புழங்கிய காசைப் பார்க்கவேண்டும். கானாவுக்கு அப்போது தங்கக் கரை என்று பெயர். 1912-ல் லண்டனில் மேற்கு ஆப்பிரிக்க நாணய வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தி, நைஜீரியா, தங்கக் கரை, சியரா லியோன், காம்பியா ஆகிய நான்கு காலனிகளுக்கும் ஒரே காசை அடித்து அனுப்பினார்கள். சில்லறைக் காசுகளுக்கு நடுவில் ஓட்டை; ஓட்டையைச் சுற்றி ஆறுமுனை நட்சத்திரம்; மேலே கிரீடம். யுத்த காலத்தில் நம் நாட்டிலும் ஓட்டைக் காலணா வந்தது. பழைய டிரங்குப் பெட்டிகளைக் குடைந்தால் இன்றும் ஒன்றிரண்டு கிடைக்கும். பெரிய காசுகளில் ராஜாவின் தலை. அந்தப் பணத்துக்கு ஈடான சொத்து லண்டனில் பத்திரங்களாக இருந்தது. கொக்கோ மரத்தை வளர்த்துக் காய் பறித்தவன் அஷாந்திக் காட்டில் இருந்தான். அவன் கைக்கு வந்த காசுக்கு ஜாமீன் கடலுக்கு அப்பால் இருந்தது.

நாற்பது நாற்பத்தைந்து வருஷம் இந்தக் காசைக் கையாண்ட ஒருவன், ஒரு நாள் செம்பு நிறமான ஒரு பென்னியில் தன் மூக்கும் தன் உதடும் கொண்ட ஒரு முகத்தைப் பார்த்தால் அவன் நெஞ்சு நிமிராதா? நாமும் 1950-ல் ராஜாவின் தலையைக் காசிலிருந்து எடுத்தோம். ஆனால் மனிதத் தலை எதையும் வைக்காமல், அசோகரின் சிங்கங்களை வைத்தோம். சுதந்திர இந்தியாவின் முதல் ஞாபகார்த்த நாணயத்தில் நேருவின் முகம் வந்தது 1964-ல், அவர் மறைந்த பிறகு. இதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கல்சிங்கம் நமக்குக் கைவசம் இருந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்த்துவிடாது.

ஆகவே முகம் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு விளங்காதது அந்த வாசகம். எழுத்தறியாத ஜனங்களுக்காகத்தான் காசில் முகம் என்றால், முகத்தைச் சுற்றி லத்தீன் எதற்கு? குமாஸி சந்தையில் வாழைக்காய் விற்கும் பெண்மணிக்கு இங்கிலீஷே தெரியாது என்னும்போது, லத்தீன் யார் படிப்பதற்கு? அது லண்டனுக்காக எழுதியது என்று எனக்குத் தோன்றுகிறது. ராஜா ராணிகளின் தலையைச் சுற்றி லத்தீன் எழுதுவது அங்கே பரம்பரை வழக்கம். உங்கள் ராணிக்கு என்னென்ன உண்டோ அதெல்லாம் எனக்கும் உண்டு என்று காட்டும் ஆசை. ஆசையில் தப்பில்லை. ஆனால் விவசாயிக்காக என்று ஆரம்பித்த காரியம், அவன் படிக்கமுடியாத பாஷையில், அவனைக் கேட்காமலே ஒரு தீர்ப்பை எழுதிவிட்டது. ஸ்தாபித்தவர் என்று, அதுவும் ஒருமையில்.

முகமில்லாத பணமும் அந்த மண்ணில் ஒரு காலத்தில் இருந்தது. ஆக்கான் ஜனங்கள் தங்கத் தூளைப் பணமாக வைத்திருந்தார்கள். வியாபாரி ஒவ்வொருவனிடமும் சொந்தத் தராசும், பித்தளையில் வார்த்த எடைக்கற்களும் இருக்கும். எடைக்கல் என்றால் நம் படிக்கல் மாதிரி மொட்டையாக இராது. பறவை, முதலை, நாற்காலி, சண்டைபோடும் இரண்டு ஆட்கள் என்று குழந்தைப் பொம்மைகளைப் போல இருக்கும். கொடுப்பவன் தன் தராசில் நிறுப்பான். வாங்குபவன் தன் தராசில் மறுபடி நிறுத்துப் பார்ப்பான். மிகச் சிறிய எடைக்குப் பெஸெவா என்று பெயர்.

தங்கத்தோடு சோழியும் புழங்கியது. நாம் பல்லாங்குழிக்கும் ஜோசியத்துக்கும் வைத்துக்கொள்ளும் அதே சோழிதான். மாலத்தீவுக் கடலில் பொறுக்கியதை டச்சுக்காரர்கள் இலங்கைத் துறைமுகங்களில் வாங்கி, கப்பலின் அடித்தட்டில் பாரத்துக்காகப் போட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போயிற்று. அந்தக் கரையில் சோழியைக் கொட்டி மனிதர்களை வாங்கினார்கள். ஆக்கான் பாஷையில் சோழிக்கு 'ஸெடியே' என்று பெயர். 1965 ஜூலையில் கானா ஷில்லிங்கையும் பென்ஸையும் கைவிட்டுத் தனக்கென்று ஒரு பணம் கண்டபோது, அந்தச் சொல்லைத்தான் எடுத்து 'ஸீடி' என்று பெயரிட்டார்கள். நூறு பெஸெவா ஒரு ஸீடி. மனிதனை விலைக்கு வாங்கிய பொருளின் பெயரையா சுதந்திர தேசத்தின் பணத்துக்கு வைப்பது என்று முதலில் எனக்குத் திகைப்பாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அதே சோழியால்தானே அவர்களுடைய பாட்டிகள் கிழங்கும் மீனும் வாங்கியிருப்பார்கள்! பாவம் சோழியிடம் இல்லை.

தமிழில் நாம் காசையும் நாணயம் என்கிறோம். சொன்ன சொல் தவறாமையையும் நாணயம் என்கிறோம். 'அவன் நாணயமான ஆசாமி' என்றால் நம்பிப் பெண் கொடுக்கலாம். தங்கத் தூள் காலத்தில் எதிரே நிற்பவன் நாணயமானவனா என்பதுதான் கேள்வி. தராசு அதற்குப் பதில் சொல்லிவிடும். முகம் போட்ட காசு வந்த பிறகு எதிரே நிற்பவனைப் பற்றிக் கவலையில்லை. தூரத்தில், தலைநகரில் இருக்கும் ஒருவர் நாணயமானவரா என்பது கேள்வியாகிவிடுகிறது. அவரை நிறுக்க நம்மிடம் தராசு கிடையாது.

நிக்ரூமாவை நிறுக்க முயன்றவர்கள் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். 1947 ஆகஸ்டு 4-ஆம் தேதி சால்ட்பாண்ட் என்ற ஊரில் சுயராஜ்யத்துக்காக ஒரு கட்சி ஆரம்பமாயிற்று. அதை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் ஜே. பி. டான்குவா என்ற வக்கீல். கானா என்ற பழம்பெயரைத் தேசத்துக்கு வைக்கவேண்டும் என்று முன்னின்று சொன்னவரும் அவரே. கட்சிக்கு ஒரு காரியதரிசி வேண்டியிருந்தது. லண்டனில் ஒரு கெட்டிக்கார இளைஞன் இருக்கிறான், அவனை அழையுங்கள் என்று சிபாரிசு செய்தவர் ஆக்கோ அட்ஜெய். அந்த இளைஞர்தான் நிக்ரூமா. டிசம்பரில் வந்து சேர்ந்தார்.

1948 பிப்ரவரி 28. யுத்தத்தில் பர்மா வரை போய்ச் சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய்கள், தங்களுக்குச் சேரவேண்டியதைக் கேட்டு, கவர்னர் வசிக்கும் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டைக்கு மனுவோடு ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. சார்ஜண்ட் அட்ஜெட்டே, கார்ப்பொரல் அட்டிபோ, சிப்பாய் ஒடார்ட்டே லாம்ப்டே ஆகிய மூவர் செத்து விழுந்தார்கள். ஊர் பற்றி எரிந்தது. கட்சியின் தலைவர்கள் ஆறு பேரைச் சர்க்கார் பிடித்து அடைத்தது. நிக்ரூமா, டான்குவா, ஆக்கோ அட்ஜெய், ஒபெட்செபி லாம்ப்டே, அக்கூபோ ஆடோ, ஓபோரி ஆட்டா. 'பெரிய அறுவர்' என்று அன்றிலிருந்து அவர்களுக்குப் பெயர்.

பிறகு நிக்ரூமா தனிக் கட்சி கண்டார். ஜெயித்தார். அவரிடம் வேகம் இருந்தது, மற்றவர்களிடம் நிதானம்தான் இருந்தது. ஜனங்கள் வேகத்தின் பின்னால் போனார்கள். 1957 மார்ச் 6 அவரால் வந்தது என்பதை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் லத்தீன் வாசகத்தோடு காசு வெளிவந்த அதே 1958-ல்தான், விசாரணையில்லாமல் ஐந்து வருஷம் வரை ஒருவரைச் சிறையில் வைக்கலாம் என்ற தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. ஒபெட்செபி லாம்ப்டே 1963-ல் காவலிலேயே இறந்தார். நிக்ரூமாவை வரவழைத்த ஆக்கோ அட்ஜெய், 1962-ல் நடந்த குண்டுவீச்சு வழக்கில் பிடிபட்டார். கோர்ட் அவரை விடுதலை செய்தது. நிக்ரூமா பிரதம நீதிபதியை வேலையிலிருந்து நீக்கினார், மறுவிசாரணை நடந்தது, மரண தண்டனை விதித்து, பிறகு அதைச் சிறைத் தண்டனையாகக் குறைத்தார்கள். நிக்ரூமாவைக் கொல்ல உண்மையாகவே முயற்சிகள் நடந்தன. பயந்த மனிதர் என்னதான் செய்வார் என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். இருந்தாலும் டான்குவா 1965 பிப்ரவரி 4-ஆம் தேதி இன்ஸவாம் சிறையில் செத்துப்போனதை அந்தக் கேள்வி மறைத்துவிடாது. அவருக்கு வயது அறுபத்தொன்பது.

ஐந்து மாதம் கழித்து, ஜூலையில், புது ஸீடி நோட்டுகள் வந்தன. நோட்டில் நிக்ரூமாவின் முகம்.

அந்த நோட்டுக்கு ஆயுசு அதிகமில்லை. 1966 பிப்ரவரி 24-ஆம் தேதி, நிக்ரூமா ஆசியாவில் பிரயாணத்தில் இருக்கும்போது, ராணுவமும் போலீஸும் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தன. பார்லிமெண்டுக்கு முன்னால் நின்ற அவருடைய சிலையை ஜனங்கள் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். ஒரு வருஷத்தில் 'புது ஸீடி' என்று வேறு பணம் வந்தது. பழைய ஸீடி ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 1.2 கொடுத்தால், புதியது ஒன்று. கணக்குக்குச் சௌகரியம் என்று காரணம் சொல்லலாம். ஆனால் ஒரு முகத்தை ஜனங்களின் மடியிலிருந்து கூண்டோடு திரும்பப் பெற வேறு எந்த உபாயம் இவ்வளவு லேசாக இருக்கும்? அதில் ஒரு சின்னத்தனம் இருந்தது என்றே நினைக்கிறேன். அவரே எல்லாம் என்று எழுதியது எவ்வளவு பொய்யோ, அவர் ஒன்றுமே இல்லை என்று அழிப்பதும் அவ்வளவு பொய்தான். 1972-ல் அவர் ருமேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

சரி, முகத்தை எடுத்தார்களே, பணம் நாணயமாக நடந்துகொண்டதா? 1979-ல் ராணுவ சர்க்கார் நோட்டுகளைத் திடீரென்று மாற்றியது. ஐயாயிரம் ஸீடி வரை கையில் வைத்திருந்தவர்களுக்குப் பழைய பத்துக்குப் புதிய ஏழு. அதற்கு மேல் இருந்தால் பத்துக்கு ஐந்துதான். பாங்க் என்பதையே பார்த்திராத கொக்கோ விவசாயி, மகள் கல்யாணத்துக்கென்று பானையில் போட்டு வைத்திருந்ததில் பத்தில் மூன்று பங்கு ஒரே உத்தரவில் போய்விட்டது. மூன்று வருஷம் கழித்து ஐம்பது ஸீடி நோட்டே செல்லாது என்று இன்னோர் உத்தரவு. 2016 நவம்பரில் பாங்க் வாசலில் வரிசையில் நின்ற நமக்கு இதை விஸ்தரித்துச் சொல்லவேண்டியதில்லை. அதிலும் நமக்காவது நூறுக்கு நூறு கிடைத்தது.

விலைவாசி ஏறி ஏறி, ஒரு சாப்பாட்டுக்கு நோட்டுக்கட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோகும் நிலை வந்தபோது, 2007 ஜூலை 1-ஆம் தேதி பத்தாயிரம் ஸீடிக்கு ஒரு ஸீடி என்று நாலு பூஜ்யத்தை வெட்டினார்கள். 'மதிப்பு அதேதான்' என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள். அந்த நோட்டுகளில்தான், பெரிய அறுவரின் முகங்களும் ஒன்றாக வந்தன.

அந்த நோட்டின் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு பேரும் நெருங்கி இருக்கிறார்கள், பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி. சிறை வைத்தவரும், சிறையில் செத்தவர் இருவரும், மரண தண்டனையிலிருந்து பிழைத்தவரும். விவரம் தெரியாத ஒருவர் பார்த்தால் ஆயுள் முழுவதும் அன்பாக இருந்த சிநேகிதர்கள் என்றே நினைப்பார். கதை எழுதுகிற எனக்கு இந்த மாதிரி முடிவுகளில் எப்போதும் அவநம்பிக்கை உண்டு. கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிடுவது எழுத்தாளன் களைத்துப்போனதற்கு அடையாளம். டான்குவாவின் குடும்பத்தார் இந்த நோட்டை எண்ணும்போது என்ன நினைப்பார்கள்?

ஆனாலும் 1958-ன் வெள்ளிக் காசைவிட இந்தக் காகிதத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன். இது சண்டையைச் சொல்லவில்லை. ஆனால் சண்டை போட்டவர் யாரையும் விடவுமில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிற குழந்தை, 'இந்த ஆறு பேர் யார்?' என்று கேட்டால் அப்பா பதில் சொல்லியாக வேண்டும். ஒரே தலை மட்டும் இருந்தால் அந்தக் கேள்வியே பிறக்காது. ஐம்பது ஸீடி நோட்டின் பின்பக்கத்தில் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையின் படம் இருக்கிறது. அட்ஜெட்டேயும் அட்டிபோவும் ஒடார்ட்டே லாம்ப்டேயும் அந்தக் கோட்டைக்குப் போகும் வழியில்தான் விழுந்தார்கள். அவர்களுடைய முகம் நோட்டில் இல்லை. கட்டிடம் மட்டும் இருக்கிறது.

விவகாரம் இதோடு தீர்ந்துவிடவில்லை. நிக்ரூமாவின் நூற்றாண்டுக்காக 2010-ல் இரண்டு ஸீடி ஞாபகார்த்த நோட்டு வந்தது; அதில் மறுபடியும் அவர் மட்டும் தனியாக. அதற்கு முந்திய வருஷமே அவர் பிறந்த செப்டம்பர் 21-ஐ ஸ்தாபகர் தினம் என்று விடுமுறையாக்கினார்கள். இங்கிலீஷில் 'எஸ்' என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கொம்பு போட்டால் ஸ்தாபகர் ஒருவர். பின்னால் போட்டால் பலர். 2009-ல் கொம்பு முன்னால் இருந்தது. 2019-ல் அதைப் பின்னுக்குத் தள்ளி, தேதியையும் சால்ட்பாண்டில் கட்சி ஆரம்பித்த ஆகஸ்டு 4-க்கு மாற்றினார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர், அறுவரில் அக்கூபோ ஆடோவின் மகன். டான்குவாவுக்கும் ஓபோரி ஆட்டாவுக்கும் நெருங்கிய உறவு. அரசு மாறியது. 2025-ல் கொம்பு திரும்பவும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தேதியும் செப்டம்பர் 21-க்கே வந்துவிட்டது.

அற்பத்துக்குச் சண்டை என்று சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு தேசம் தன் தகப்பன் ஒருவனா பலரா என்று கேட்டுக்கொள்வது அற்பமில்லை. தமிழர்களுக்கு இந்தக் கொம்புச் சண்டையே வந்திருக்காது என்பது வேறு விஷயம். 'அர்' என்பது நம் இலக்கணத்தில் பலர்பால் விகுதி. ஒருவரை மரியாதையாகச் சொல்லவேண்டுமென்றால் நாம் அவரைப் பலராக்கித்தான் சொல்கிறோம். 'ஸ்தாபகர்' என்று எழுதிவிட்டால் நிக்ரூமாவின் கட்சிக்காரரும் தலையாட்டுவார், டான்குவாவின் கட்சிக்காரரும் தலையாட்டுவார். இது சாமர்த்தியமா, நழுவலா என்று எனக்கே நிச்சயமில்லை.

அக்ராவில் நிக்ரூமாவின் சமாதி இருக்கும் பூங்காவில், 1966-ல் இழுத்துத் தள்ளிய அந்தச் சிலையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தலையில்லை, கையும் ஒடிந்திருக்கிறது. கலகத்தின்போது யாரோ எடுத்துப்போய்க் காப்பாற்றி வைத்திருந்த தலை பிற்பாடு திரும்ப வந்து சேர்ந்தது. உடம்பும் தலையும் இருக்கின்றன. பற்றவைக்க அந்த ஊரில் ஆள் இல்லாமலா போயிற்று? பற்றவைக்கவில்லை. உடம்பை ஒரு பீடத்திலும், தலையை அருகிலேயே வேறொரு பீடத்திலும் வைத்திருக்கிறார்கள். சமாதிக்கு முன்னால் முழு உருவமாக இன்னொரு புதுச் சிலையும் நிற்கிறது. வருகிறவர்கள் இரண்டுக்கும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.